சேர்க்கைத் தாளின் முதல் பக்கம்: கொரோனா நோயாளர் பதிவேடு எழுதிக் கற்றவை

கொரோனா தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் கவனித்த மருத்துவர் குழுவில் இருந்தபோது, வார்டுப் பணியோடு இன்னொரு பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டையும் எடுத்து, வயது, பாலினம், அறிகுறி தொடங்கிய நாள், சேரும்போது இருந்த ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, இணைநோய்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கொடுத்த சிகிச்சை, கடைசியில் அவர் என்ன ஆனார் என்பது வரை வரிக்கு ஒருவராகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இரவுப் பணி முடிந்த கையோடு உட்கார்ந்து செய்யும் இந்த எழுத்து வேலையில் தொடக்கத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. ஆனால், படுக்கையருகே நின்று ஒருவர் ஒருவராகப் பார்த்தபோது பிடிபடாத பல விஷயங்கள், வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தெளிவாயின. அவற்றில் பெரும்பாலானவை நோயாளியின் குடும்பத்தாருக்கே அதிகம் பயன்படக்கூடியவை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒருவர் பிழைத்து வீடு திரும்புவாரா என்று கேட்பவர்கள், அவருக்கு என்ன மருந்து கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். பதிவேடு வேறு விதமாகச் சொன்னது. முடிவில் பெரும்பங்கு, மருந்து தொடங்குவதற்கு முன்பே, சேர்க்கைத் தாளின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது: நோயின் எத்தனையாவது நாளில் வந்தார், எந்த மூச்சு நிலையில் வந்தார், என்னென்ன பழைய நோய்களுடன் வந்தார். அந்தப் பக்கத்தை நிரப்பத் தேவையான தகவல்களில் பாதிக்கு மேல் நோயாளியுடன் வருபவரின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. ‘எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை?’ என்று கேட்டால் ‘ரெண்டு நாளா’ என்பதுதான் வழக்கமான பதில். கொஞ்சம் தோண்டினால், பரிசோதனை முடிவு வந்து இரண்டு நாள் ஆகிறது என்பதும், அதற்கு முன்பே உடல்வலியும் தொண்டைக் கரகரப்பும் ஐந்து நாளாக இருந்தன என்பதும் தெரியவரும். இந்த ஐந்து நாள் வித்தியாசம் சிறியதல்ல. வூகானில் 2020 ஜனவரி 2-க்குள் சேர்ந்த முதல் 41 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், அறிகுறி தொடங்கி மூச்சுத்திணறல் வருவதற்கு இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு) 8 நாளும், நுரையீரல் கடுமையாகச் செயலிழக்க 9 நாளும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக ஏறக்குறைய பத்தரை நாளும் ஆகியிருந்தன. எங்கள் பதிவேட்டிலும் இதே ஓட்டம்தான். முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. இரண்டாவது வாரத்தின் தொடக்கத்தில் உடலின் எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறி, அழற்சி நுரையீரலைத் தாக்குகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலை இல்லை என்று குடும்பம் மூச்சு விடுகிற நேரமும் பல சமயம் அதே ஆறாம், ஏழாம் நாளாக அமைந்துவிடுகிறது.

ஆகவே, வீட்டில் யாருக்காவது தொற்று வந்தால், முதல் அறிகுறி எந்தத் தேதியில் தெரிந்தது என்பதை ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. பரிசோதனை எடுத்த தேதி, முடிவு வந்த தேதி ஆகியவை அதற்கு ஈடாகா. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலை, மதியம், இரவு என மூன்று வேளையாவது ஆக்சிஜன் அளவையும் மூச்சு எண்ணிக்கையையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அப்படி எழுதிய தாளுடன் வந்த நோயாளிக்கு எங்கள் பணி எவ்வளவு எளிதாயிற்று என்பதைச் சொல்லி முடியாது. அளவு 97-லிருந்து 95, 94, 92 என்று ஒன்றரை நாளில் இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்போது, வாசலில் பார்த்த ஒற்றை எண்ணைப் போலன்றி, நோய் எந்தத் திசையில் போகிறது என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

காய்ச்சலை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சீனாவில் 1,099 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், சேரும் வேளையில் காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம் மட்டுமே; மருத்துவமனையில் இருந்த காலத்தில்தான் அது 88.7 சதவீதமாக உயர்ந்தது. நியூயார்க் வட்டாரத்தில் சேர்ந்த 5,700 பேரில் வாசலிலேயே காய்ச்சல் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம்தான். நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிவிட்டு உள்ளே அனுப்பிய காலத்தில் எத்தனை பேர் அந்தச் சோதனையைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். இந்த நோயில் என்னை மிகவும் திகைக்கவைத்தது இதுதான். ஐம்பதைக் கடந்த ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். கைப்பேசியில் அலுவலக விஷயம் பேசிக்கொண்டிருந்தார். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியபோது 76 காட்டியது. கருவிதான் பழுது என்று நினைத்துச் செவிலியர் வேறொன்றைக் கொண்டுவந்தார், அதிலும் 77. ‘அப்பா நல்லாத்தானே பேசுறாரு, டாக்டர்?’ என்று மகள் கேட்டார். நல்லாத்தான் பேசினார். ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கவில்லை. மூன்று, நான்கு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினார். சட்டைக்கு மேலே கழுத்துப் பக்கத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபட்டன. நிமிடத்துக்கு 34 முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல்.

மூச்சு முட்டும் உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். ஆக்சிஜன் குறைவது அந்த உணர்வை அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை. கொரோனாவின் தொடக்க கட்டத்தில் நுரையீரல் இறுகாமல், வேகமாக மூச்சு விட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டே இருக்க முடிவதால், ஆக்சிஜன் அபாயமான அளவுக்குக் கீழே போன பிறகும் பலருக்குத் திணறல் தோன்றுவதில்லை. ஆகவே ‘மூச்சுத் திணறுகிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று வரும் பதில் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதனால் பயனில்லை.

மூச்சை எண்ணுவது யாருக்கும் கைவரக்கூடிய வேலை. ஆனால் மருத்துவமனைகளிலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். பல கேஸ் ஷீட்டுகளில் எல்லா நோயாளிக்கும் ஒரே எண் எழுதப்பட்டிருக்கும்; யாரும் எண்ணவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, மார்போ வயிறோ எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. எண்ணுகிறோம் என்று நோயாளிக்குச் சொல்லவும் கூடாது. சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது பழைய உத்தி, இன்றும் நல்ல உத்தி. ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 30-க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ அது கடும் நோய் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 94-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் புறப்பட்டுவிட வேண்டும்.

விரலில் மாட்டும் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை அசைந்துகொண்டிருந்தால் எண் தவறும். மாட்டியவுடன் தெரியும் எண்ணை எழுதாமல், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து நிலைத்து நிற்பதை எழுத வேண்டும். தோலின் நிறமும் கருவியை ஏமாற்றும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரில் 3.6 சதவீத அளவீடுகளிலும் கறுப்பினத்தவரில் 11.7 சதவீத அளவீடுகளிலும் காணப்பட்டது. கருநிறத் தோல் உடையவர்களுக்கு 93 என்று காட்டினால், மூச்சு எண்ணிக்கையும் களைப்பும் வேறு கதை சொல்கின்றனவா என்று நான் கட்டாயம் பார்ப்பேன். ஓய்வில் எண் சரியாக இருந்து, திணறலும் இல்லாதவர்கள், அறைக்குள்ளேயே சில நிமிடம் நடந்துவிட்டு மீண்டும் பார்க்கலாம். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் நுரையீரலின் கூடுதல் தாங்குதிறன் குறைந்துவருகிறது என்று கொள்ள வேண்டும். ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்கள் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது.

இணைநோய்களுக்கான கட்டம்தான் பதிவேட்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது. அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்த பல வரிகளுக்குப் பக்கத்திலேயே, சேர்ந்த அன்று எடுத்த ரத்தச் சர்க்கரை 280, 320 என்று நின்றது. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்து பார்த்தால் 9, 10 என்று வரும். அதாவது, சர்க்கரை நோய் நெடுநாளாகவே இருந்திருக்கிறது. நோயாளிக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டதால் ‘இப்போது இல்லை’ என்ற கணக்கில் சொல்லியிருக்கிறார். ‘பி.பி. இருக்கா, அம்மா?’ என்று கேட்டால் ‘இல்லையே’ என்பார், ‘பி.பி.க்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா, அதனாலதான் இல்ல’ என்பார். தவறு அவருடையதல்ல, கேட்ட முறையுடையது. அதற்குப் பிறகு ‘என்ன நோய்?’ என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். அந்தப் பை, வாய்மொழியாகச் சொன்ன எந்த வரலாற்றையும்விட உண்மையாக இருந்தது.

நியூயார்க்கின் அந்த 5,700 பேரில் 56.6 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தமும், 41.7 சதவீதத்தினருக்கு உடல் பருமனும், 33.8 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயும் இருந்தன. இவற்றில் உடல் பருமன் கேஸ் ஷீட்டுகளில் மிக எளிதாக விடுபட்டுப்போகிறது. படுக்கையில் படுத்துவிட்டவரின் எடையை யார் பார்ப்பது? ஆனால் அதிகப் பருமன் உள்ள நாற்பது வயதுக்காரர், இணைநோய் ஏதும் எழுதப்படாத நிலையிலும், வென்டிலேட்டர் வரை போன வரிகள் பதிவேட்டில் ஒன்றிரண்டு அல்ல. எடையையும் உயரத்தையும் குடும்பத்தார் உத்தேசமாகவாவது சொல்லிவிட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியின் அளவை முடிவுசெய்யவும் அது உதவும். சிறுநீரகக் கோளாறு, உறுப்பு மாற்று அறுவை, புற்றுநோய் சிகிச்சை, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள், கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல்.

எல்லாக் காரணிகளுக்கும் மேலே வயது நிற்கிறது. சீனாவில் உறுதிசெய்யப்பட்ட 44,672 பேரின் தொகுப்பில் ஒட்டுமொத்த இறப்பு 2.3 சதவீதம், எழுபதுகளில் இருந்தவர்களிடையே 8 சதவீதம், 80-ஐக் கடந்தவர்களிடையே 14.8 சதவீதம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லா வயதிலும் எண்கள் இதைவிடப் பெரிதாகும். ஏனெனில் நோய் முற்றியவர்கள்தாம் அங்கே வருகிறார்கள். பிரிட்டனில் உருவாக்கி 2020 செப்டம்பரில் வெளியிட்ட இறப்பு அபாய மதிப்பெண் முறையில் எட்டே விவரங்கள்: வயது, பாலினம், இணைநோய்களின் எண்ணிக்கை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, நினைவுநிலை, ரத்த யூரியா, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மொத்தம் 21 புள்ளிகளில், 80 வயதைத் தொட்டவருக்கு வயதுக்காக மட்டும் 7 புள்ளி; ஆணாக இருப்பதற்கு 1. மொத்தம் 3 புள்ளிக்குள் இருந்தவர்களில் இறந்தவர்கள் 1.2 சதவீதம், 15-ஐத் தொட்டவர்களில் 61.5 சதவீதம். இந்த எட்டில் ஆறு, படுக்கையருகே நின்றபடியே தெரிந்துகொள்ளக்கூடியவை என்பதை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

முதியவர்களிடம் நோய் வேறு முகத்துடன் வந்தது. காய்ச்சலும் இருமலும் இல்லாமல், திடீரென்று பேச்சு குழறியது, சாப்பாட்டை மறுத்தது, இரவில் எழுந்து நடந்து கீழே விழுந்தது என்றெல்லாம் காரணம் சொல்லிச் சேர்க்கப்பட்டவர்கள் பலர். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியை, மகனைக் கண்டு ‘யார் நீ?’ என்று கேட்டதால், பக்கவாதம் என்று எண்ணி அழைத்துவந்திருந்தார்கள். மூளை ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆக்சிஜன் 86. இரண்டு நாள் ஆக்சிஜன் கொடுத்த பிறகு, ‘இவன் ஏன் இப்படி இளைச்சுப்போயிட்டான்?’ என்று அதே மகனைப் பார்த்து எங்களிடம் விசாரித்தார். வீட்டில் வயதானவருக்கு ஒரே நாளில் புத்தி தடுமாறினால், அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாமல் முதலில் ஆக்சிஜனையும் மூச்சையும் பார்க்க வேண்டும்.

பாலினக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆண்கள் என்பது நியூயார்க்கிலும் பிரிட்டனிலும் ஒன்றுபோலவே இருந்தது. ரத்தப் பரிசோதனைகளில், லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு குறைவதும், ரத்தக்கட்டி உருவாவதைக் காட்டும் டி-டைமர், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் ஆகியவை உயர்வதும் கெட்ட அறிகுறிகள். வூகானில் 191 பேரைக் கொண்டு செய்த ஆய்வு, சேரும்போது டி-டைமர் அதிகமாக இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்று காட்டியது. ஆனால் இந்த எண்களைத் தனியே வைத்துக்கொண்டு குடும்பங்கள் பதறியதையும், ஆக்சிஜன் 98 இருக்கும்போதே மூன்றாம் நாளில் சி.டி. ஸ்கேன் எடுத்து அதன் மதிப்பெண்ணைக் கண்டு உறக்கம் இழந்ததையும் நிறையப் பார்த்தேன். ஸ்கேனில் வெண்படலம் குறைவாகத் தெரிந்த ஒருவர் மூச்சுக்குத் தவித்ததும், அதிகமாகத் தெரிந்தவர் நடந்தே வீட்டுக்குப் போனதும் உண்டு. ஸ்கேனுக்குச் செலவிட்ட நேரத்தில் மூச்சை எண்ணியிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

சிகிச்சைக் கட்டத்தில் காலப்போக்கில் பல பெயர்கள் வந்தன, போயின. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும், குணமடைந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவும் பெரிய சோதனைகளில் பயனற்றவை என்று தெரிந்து பதிவேட்டிலிருந்து மறைந்தன. நிலைத்து நின்றது மலிவான பழைய மருந்தான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ‘ரெக்கவரி’ சோதனை வெளியிட்ட முடிவுகள் எங்கள் வார்டின் நடைமுறையையே மாற்றின. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3-ஆகக் குறைந்தனர், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2-லிருந்து 23.3-ஆகக் குறைந்தனர். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பயன் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்தனர்.

இந்த மூன்றாவது வரியைத்தான் பலர் படிக்கவில்லை. ‘ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது’ என்ற செய்தி பரவியதும், தொற்று உறுதியான இரண்டாம், மூன்றாம் நாளிலேயே வீட்டில் மாத்திரையாக எடுத்துக்கொண்டவர்கள் வரத் தொடங்கினார்கள். வைரஸ் பெருகும் முதல் வாரத்தில் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கினால் யாருக்கு லாபம்? அது காய்ச்சலையும் உடல்வலியையும் மறைத்து, நன்றாகிவிட்டோம் என்ற தெம்பையும் தந்துவிடுகிறது. சர்க்கரையோ கிடுகிடுவென ஏறுகிறது. 2021-இல் இந்தியாவில் இரண்டாம் அலையோடு சேர்ந்துவந்த கருப்புப் பூஞ்சை நோய், கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் கூடிய உடல்களில்தான் பெரிதும் பரவியது. மருத்துவர் எழுதித்தராத ஸ்டீராய்டை எடுத்துக்கொண்டவர்கள் அதைச் சேர்க்கைத் தாளில் மறைத்தும்விடுவார்கள், திட்டுவார்களோ என்ற பயத்தில். நாங்கள் திட்டுவதில்லை, மருந்தின் அளவும் நாளும் தெரிந்தால் போதும்.

மருந்தல்லாத ஒன்று, குப்புறப் படுத்தல். வென்டிலேட்டரில் இருக்கும் கடும் நுரையீரல் செயலிழப்பு நோயாளிகளை நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைப்பது உயிரைக் காக்கிறது என்பது 2013-லேயே உறுதியான விஷயம். கொரோனாவில் விழித்திருக்கும் நோயாளிகளுக்கும் அதைச் செய்து பார்த்தோம். 2021-இல் 6 நாடுகளின் சோதனைகளை இணைத்து வெளியிட்ட முடிவு, 28 நாளுக்குள் வென்டிலேட்டர் குழாய் தேவைப்பட்டோ இறந்தோ போனவர்கள் 46 சதவீதத்திலிருந்து 40-ஆகக் குறைந்ததைக் காட்டியது. சொல்வது எளிது, செய்வது கடினம். மார்புக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, கணுக்காலுக்குக் கீழே ஒன்று வைத்து, வயிறு அழுந்தாமல் சிறிது தொங்கும்படி விட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்துக் கையை மேலே மடித்துவைத்தால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 88-இல் நின்ற எண் கால் மணி நேரத்தில் 93-ஆக ஏறுவதை நோயாளிக்கே திருப்பிக் காட்டினால், அதற்குப் பிறகு அவரை வற்புறுத்த வேண்டியிருக்காது. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருப்பதால், அந்தப் பகுதிக்குக் காற்று போக வழி கிடைப்பதே காரணம்.

இனிக் கடைசிக் கட்டம்: விளைவு. இங்கே ‘குணமடைந்தார்’, ‘இறந்தார்’ என்று இரண்டே சொற்கள் போதும் என்று நினைப்போம். நடைமுறையில் ‘வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்’, ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராகச் சென்றார்’, ‘இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்’ என்ற மூன்று வகையினரும் கணிசமாக இருந்தனர். இவர்களை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்து இறப்பு விகிதம் தலைகீழாக மாறும். நியூயார்க் ஆய்வு 2020 ஏப்ரலில் வந்தபோது, வென்டிலேட்டரில் போட்டவர்களில் 88 சதவீதம் பேர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, குழாய் போடச் சம்மதிக்காத குடும்பங்களைச் சமாதானப்படுத்துவதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று. அந்த எண்ணின் பின்னணி இதுதான்: வென்டிலேட்டரில் இருந்த 1,151 பேரில் 282 பேர் இறந்திருந்தனர், 38 பேர் உயிருடன் வீடு திரும்பியிருந்தனர், மீதி 831 பேர் இன்னும் மருத்துவமனையில் இருந்தனர். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 88; அத்தனை பேரையும் சேர்த்தால் 24.5. ஆய்விதழே பின்னர் அந்தப் பகுதியைத் திருத்தியது. தேர்வு அறையிலிருந்து முதல் அரை மணியில் எழுந்து வருபவர்களை மட்டும் எண்ணித் தேர்ச்சி விகிதம் சொன்னால், எதுவும் எழுதாதவர்கள்தாமே அதிகம் கணக்கில் வருவார்கள்? வென்டிலேட்டரிலிருந்து மீள வாரக்கணக்கில் ஆகும். இறப்பு அதற்கு முன்பே நேர்ந்துவிடும். உண்மை விகிதம் அந்த இரு எண்களுக்கும் இடையில் எங்கோ இருந்தது.

அதே போலத்தான் பிரிட்டனின் 20,133 நோயாளிகள் பற்றிய அறிக்கையும்: 41 சதவீதம் பேர் வீடு திரும்பினர், 26 சதவீதம் பேர் இறந்தனர், 34 சதவீதம் பேர் இன்னும் சிகிச்சையில் இருந்தனர். அந்த மூன்றாவது எண்ணைச் சொல்லாமல் முதல் இரண்டை மட்டும் சொல்லும் எந்தச் செய்தியையும் நான் இப்போது நம்புவதில்லை. மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுபவர்களும், அங்கே யார் சேர்க்கப்பட்டார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்; அறிகுறியே இல்லாதவர்களையும் படுக்கையில் வைத்திருந்த இடத்தில் இறப்பு குறைவாகத்தான் இருக்கும்.

‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதி வரியை மூடிவிடுவதும் போதாது. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட் இறுதிக்குள் வீடு திரும்பிய 47,780 பேரைச் சராசரியாக 140 நாள் தொடர்ந்து பார்த்ததில், 29.4 சதவீதம் பேர் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தனர், 12.3 சதவீதம் பேர் இறந்திருந்தனர். இதைப் படித்த பிறகு, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிவுரையை மாற்றிக்கொண்டோம். நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி, திடீர் இளைப்பு ஆகியவை ரத்தக்கட்டியைக் குறிக்கலாம் என்பதால் உடனே வர வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தவர்கள் சில வாரங்களுக்குச் சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். முகத்தில் ஒரு பக்க வலி, மூக்கில் கருநிறக் கசிவு, கண் வீக்கம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பழைய பி.பி. மாத்திரைகளில் எவை நிறுத்தப்பட்டன, எவை எப்போது மீண்டும் தொடங்கப்பட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இது விடுபட்டுப் பின்னர் தொல்லைப்பட்டவர்கள் உண்டு. களைப்பும் மறதியும் தூக்கமின்மையும் மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடித்தால், அது மனப்பிரமை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்த கொரோனாவுக்குப் பிந்தைய நிலையாக இருக்கலாம். உடலை வருத்தி ‘பழைய வேகத்தை’ மீட்க முயன்றவர்கள் மறுநாள் படுத்த படுக்கையானதைப் பார்த்திருக்கிறேன். மூச்சும் நாடியும் அனுமதிக்கும் அளவுக்குள் நடந்து, சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரி.

தடுப்பூசிகள் வந்து, 2021 நவம்பரில் ஒமிக்ரான் அடையாளம் காணப்பட்ட பிறகு, பதிவேட்டின் தோற்றமே மாறிவிட்டது. கால் முறிந்தோ பிரசவத்துக்கோ வந்து, வாசலில் எடுத்த பரிசோதனையில் தொற்று தெரிந்தவர்கள் வரிசையில் நிறைந்தனர். இவர்களையும் மூச்சுக்குத் திணறி வந்தவர்களையும் ஒரே பட்டியலில் வைத்தால் கொரோனா மிகவும் சாதுவான நோயாகத் தெரியும். பிரித்து எழுதினால், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும், தடுப்பூசி போடாத முதியவர்களும் அப்போதும் கடுமையாகவே பாதிக்கப்பட்டது தெரியும். அதனால் பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் சேர்த்தோம்: ‘சேர்ந்ததற்குக் காரணம் கொரோனாவா, கொரோனாவுடன் வந்த வேறொன்றா?’ அதற்குப் பக்கத்திலேயே தடுப்பூசி போட்ட தேதிகளுக்கும் இடம் விட்டோம். அந்த இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கும் கேஸ் ஷீட்டை, இன்றும் வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.